தவறினால் எவ்வளவு நட்டம்? விண்டோஸை விட்டு வெளியேறுபவரின் முதல் மேசைக் கணினி

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் எங்கள் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் எட்டு வருடமாக ஒரே லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்த்து வந்தேன். வேலை என்றால் கோவில் குடமுழுக்கு மலர், மணிவிழா மலர், எப்போதாவது யாரோ ஒருவருடைய ஐயா பர்மாவுக்குப் போய்த் திரும்பிய கதையைப் புத்தகமாக்கிக் கொடுப்பது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். என்னுடையது ஏழாம் தலைமுறை. பந்தியில் எனக்கு முன்னால் இருந்தவரோடு இலை தீர்ந்துபோனது போலிருந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பெற்றுக்கொள்ளத் தனியாகப் பதிவு செய்யலாம் என்றார்கள், செய்துகொண்டேன். கிடைத்தது ஒரு வருட அவகாசம்.

அந்த அவகாசத்தில் இரண்டு முடிவுகளை எடுத்தேன். குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டதால் இனி லேப்டாப் வேண்டாம், மேசைக் கணினிதான். இயங்குதளத்தையும் மாற்றிவிடலாம். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: ஐமேக், மேக் மினி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடுவதற்காகக் கடையில் பாகங்களைச் சேர்த்துப் புதிதாகப் பூட்டிய கணினி, அலுவலகங்கள் கழித்துவிட்ட பிறகு புதுப்பித்து விற்கப்படும் பழைய கணினி.

நான்கையும் வேகத்தை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. மலர் தயாரிக்கவும், மின்னஞ்சல் பார்க்கவும், நாலு பழைய புகைப்படங்களைச் சுத்தம் செய்யவும் நான்கிலும் வேகம் போதும். எங்கள் ஐயாவின் பேரேடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதற்குப் பக்கத்திலேயே, வராமல் போனால் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் குறித்து வைத்திருப்பார். நானும் அப்படியே கேட்டேன்: இந்த மாற்றம் எனக்குச் சரிப்படாமல் போனால், எந்தப் பெட்டியில் எவ்வளவு நட்டம்? முதன்முறையாக இயங்குதளம் மாறுகிறவருக்குத் தன் பழக்கங்களில் எவை வளையும், எவை வளையாது என்பது மாறிப் பார்க்கும் வரை தெரியாது. அதனால்தான் இந்தக் கேள்வி.

பெட்டிகளுக்குப் போகும் முன் பெட்டிக்குள் போக மறுக்கும் பொருள்களைச் சொல்லிவிட வேண்டும். செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலாவது, பழைய எழுத்துரு. என்னிடம் இருபது வருடத்து மலர்கள் பாமினியில் இருக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவதுதான் தமிழ்; அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அதனால் ஒரு நல்ல செய்தி உண்டு. எழுத்துருக் கோப்பை நிறுவினால் மேக்கிலும் லினக்ஸிலும் அந்தப் பக்கங்கள் தமிழாகவே தெரியும். ஆனால் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். இதை விண்டோஸை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்து முடியுங்கள். நான் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். மீதிப் பாதிக்கு இரண்டு மடங்கு நேரம் ஆனது.

இரண்டாவது, பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். காரைக்குடிப் பக்கம் அச்சகங்களில் அது இன்றும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. இன்றைய மேக்கில் அது ஓடாது. லினக்ஸில் லிப்ரே ஆபீஸ் டிரா அந்தக் கோப்புகளைத் திறக்கும். என் கோப்புகளில் எழுத்து வந்தது. பக்க அமைப்பு கலைந்துதான் வந்தது.

மூன்றாவது, வெளி வன்வட்டு. விண்டோஸில் பயன்படுத்தியது என்றால் அது பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸின் கோப்பு முறையில் இருக்கும். மேக் அதைப் படிக்கும், அதில் எழுதாது. லினக்ஸ் இரண்டும் செய்யும். மேக் வாங்குகிறவர் முதல் நாள் இரவே இதில் முட்டிக்கொள்வார்.

நான்காவது, பிரிண்டர். ஊர் முழுக்கக் கடை மேசைகளில் உட்கார்ந்திருக்கும் சின்ன லேசர் பிரிண்டர்களில் பலவற்றுக்குச் சொந்த மூளை கிடையாது. பக்கத்தை வரைந்து கொடுக்கும் வேலையைக் கணினியில் உள்ள டிரைவர்தான் செய்கிறது. அந்த டிரைவர் உங்கள் புதிய இயங்குதளத்துக்கு இல்லையென்றால் பிரிண்டர் பொம்மையாகிவிடும். என் பிரிண்டர் இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு லினக்ஸில் இறங்கி வந்தது. மாதிரி எண்ணை முன்கூட்டியே தேடிப் பார்த்திருந்தால் அந்த இரண்டு நாளும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

ஐந்தாவது, கணக்கு. புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கும் என் அம்மான் நான் மாறுகிறேன் என்று கேள்விப்பட்டுத் தானும் மாறலாமா என்று கேட்டார். அவருடைய வியாபாரம் முழுவதும் டேலியில் இருக்கிறது. டேலி பிரைம் விண்டோஸுக்கான மென்பொருள். மின்னணுக் கையொப்ப டோக்கனை வேறு ஜிஎஸ்டி தளத்தில் செருக வேண்டும். மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸ் போட்டு அதற்குள் டேலி ஓட்டும் வித்தைகள் உண்டு. ஆனால் மாதம் 20-ஆம் தேதி ரிட்டர்ன் போட உட்காரும் குமாஸ்தாவிடம் வித்தை காட்டக் கூடாது.

“அம்மான், நீங்கள் விண்டோஸ் 11 கணினி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மாற வேண்டாம்” என்றேன்.

“அப்படியென்றால் நீ எதற்குத் தம்பி மாறுகிறாய்?” என்றார்.

என்னிடம் டேலி இல்லை என்பதுதான் உண்மையான பதில். டேலியோ அதுபோன்ற விண்டோஸ்-மட்டும் மென்பொருளோ வயிற்றுப்பாடாக இருப்பவர்கள் மீதியைப் படிக்கத் தேவையில்லை.

இனி பெட்டிகள்.

ஐமேக்கை நான் சீக்கிரமே கழித்துவிட்டேன். அழகான பொருள், 24 அங்குல 4.5கே திரையில் தமிழ் எழுத்து கல்லில் வெட்டியது போல நிற்கிறது. ஆப்பிளின் சொந்தச் செயலியான எம்4 கொண்ட மாதிரி 2024 அக்டோபரில் வந்தபோது தொடக்க விலை ₹1,34,900. விலையைக்கூட விடுங்கள். திரையும் கணினியும் ஒரே உடல் என்பதால் கணினி முதுமையடையும்போது திரையும் கூடவே போகிறது. அதை இன்னொரு கணினிக்கு மானிட்டராகக் கம்பி போட்டு இணைக்க வழியில்லை. எங்கள் பக்கத்து வீடுகளுக்கென்று ஒரு தடையும் இருக்கிறது. இரண்டடிச் சுவர்கள். ரௌட்டர் முகப்பில் இருந்தால் வைஃபை நடு முற்றமான வளவைத் தாண்டும்போதே இளைத்துவிடுகிறது. இரண்டாம் கட்டுக்கு வந்து சேர்வது அதன் நிழல்தான். ஈதர்நெட் கம்பி இழுத்தால்தான் வேலை நடக்கும். ஐமேக்கின் அடிப்படை மாதிரியில் ஈதர்நெட் துளை சேர்ந்து வருவதில்லை, அதற்குத் தனியாகக் காசு. பெரிய வீடு, கனமான சுவர், கம்பியில்லா அழகுக் கணினி: ஒத்துவரவில்லை.

மேக் மினி வேறு கதை. உண்மையைச் சொன்னால் என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். 12.7 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம். ஐந்தறைப் பெட்டியைவிடச் சிறியது. ஈதர்நெட் உண்டு, எச்டிஎம்ஐ உண்டு. எம்4 மாதிரி சும்மா இருக்கும்போது இழுப்பது சுமார் 4 வாட். முழு மூச்சில் ஓடினாலும் 65 வாட். சாதாரண டவர் கணினி சும்மா இருக்கும்போதே 40, 50 வாட் இழுக்கும். வித்தியாசம் 40 வாட் என்று வைத்து, நாளைக்கு எட்டு மணி நேரம், அறுபது நாளுக்குப் பெருக்கினால் இரண்டு மாத மின்கட்டணத்தில் 19 யூனிட். அந்தப் பணம் பெரிதல்ல. ஆனால் மின்தடையின்போது இது பெரிய விஷயமாகிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸில் ஒரு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும். டவரும் மானிட்டருமாக 100 வாட் இழுத்தால் கோப்பைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும், அவ்வளவே. மினியும் சிறிய மானிட்டரும் சேர்ந்து 30 வாட் என்றால், பேட்டரி புதிதாக இருக்கும்வரை ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தாமல் ஓட்டலாம். ஐப்பசி மாத இடி மின்னலில் கோப்பு இழந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தமிழ்த் தட்டச்சிலும் மேக் குறை வைக்கவில்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையும், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘அஞ்சல்’ என்ற தட்டச்சு முறையும் மேக்கோடு கூடவே வருகின்றன. எதையும் தேடி நிறுவ வேண்டாம். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும் உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் தமிழ்99 கிடைக்கும், ஆனால் ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பை நீங்களாக நிறுவிச் சேர்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. தெரியாதவருக்கு ஒரு நாள்.

பிறகு ஏன் தயங்கினேன்? தொடக்க விலை ₹59,900 என்று அறிமுகத்தின்போது சொன்னார்கள். அதில் கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை, திரை இல்லை. 16 ஜிபி மெமரி போதுமானது. 256 ஜிபி சேமிப்பு போதாது. 512 ஜிபி என்றால் அப்போது ₹79,900. மெமரியைப் பின்னால் கூட்டிக்கொள்ள முடியாது, அது செயலியோடு ஒட்டிப் பிறந்தது. பென் டிரைவ் செருகும் பழைய செவ்வக யூஎஸ்பி துளை ஒன்றுகூட இல்லை. காரைக்குடி அச்சகத்துக்குக் கோப்பு போவதும் வருவதும் இன்னும் பென் டிரைவில்தான். ஒவ்வொரு முறையும் மாற்றித் துண்டு (அடாப்டர்) ஒன்றைத் தேட வேண்டும். பவர் பொத்தான் பெட்டிக்கு அடியில் இருக்கிறது, ஏன் என்று கேட்காதீர்கள்.

பலரும் கடைசியில் கண்டுபிடிக்கும் செலவு திரை. 2018-ல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து, குறைந்த அடர்த்தித் திரைகளில் எழுத்தின் விளிம்பைக் கூர்மையாக்கிக் காட்டும் பழைய உத்தியை மேக் விட்டுவிட்டது. 24 அங்குல சாதாரண 1080 திரையை மினியோடு இணைத்தால் ஆங்கிலம் சற்று மங்கும். தமிழின் ணூ, ஞூ போன்ற சுழிகள் களிமண்ணில் பதிந்த மாதிரி ஆகிவிடும். மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு அது ஆகாது. ஆகவே மினி என்றால் 4கே திரையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தொட்டுவிடுகிறது.

பழுது என்று வந்தால் மதுரைக்கோ திருச்சிக்கோ தூக்கிக்கொண்டு போகத் தயாராக இருக்க வேண்டும். இரண்டும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆனால் நட்டக் கணக்கில் மினிக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் விற்கலாம், ஆப்பிள் பெட்டிகளின் பழைய விலை மற்றவை அளவுக்குச் சட்டென்று விழுவதில்லை. ஒரு வருடம் வைத்திருந்து விற்றால் இழப்பு வலிக்கும், ஆனால் முறிக்காது. இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய இன்டெல் மேக் மினிகள் இப்போது மலிவாக விற்பனைக்கு வருகின்றன. 2025-ல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான இயங்குதளத்தின் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. விண்டோஸ் 10-ஐ விட்டு வெளியேறி அந்தப் பள்ளத்தில் போய் விழ வேண்டாம்.

புதிதாகப் பூட்டிய கணினியைத்தான் ஊரில் எல்லோரும் பரிந்துரைத்தார்கள். கடைக்காரர் தெரிந்தவர், உதிரிப் பாகம் கிடைக்கும், எப்போது வேண்டுமானாலும் மெமரி கூட்டலாம் என்றெல்லாம். எல்லாம் உண்மை. 2025 இறுதியில் மெமரி விலை ஏறிய பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. அதோடு, பூட்டிய கணினியைக் கடையை விட்டு வெளியே கொண்டுவந்த மறுநாள் விற்கப் போனால் யாரும் மதிப்பதில்லை. விளையாட்டு, வீடியோ வெட்டுதல் என்று கனமான தேவை இருப்பவருக்கு அது சரி. எனக்கு அந்தத் தேவை இல்லை.

மிஞ்சியது நான்காவது வழி. பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு வருடக் குத்தகை முடிந்ததும் கழிக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் வகைப் பெட்டிகள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தையின் குணம் புரியும்: பொருள் நல்லதாகவே இருக்கும், எதைத் தட்டிப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது செயலியின் எண். ஐ5-8500 என்றால் கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை: எட்டு. ஐ5-7500 ஏழு. ஏழாம் தலைமுறைப் பெட்டி சில ஆயிரம் மலிவாகக் கிடைக்கும், லினக்ஸ் அதில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். இருந்தும் எட்டையே வாங்குங்கள். லினக்ஸ் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் அதே பெட்டியில் விண்டோஸ் 11 போட்டுக்கொண்டு திரும்பிவிடலாம். அந்தச் சில ஆயிரம் கூடுதல் பணம் திரும்பி வருவதற்கான டிக்கெட். மேக்கில் இந்த டிக்கெட் கிடையாது; எம் வரிசைச் செயலிகளில் விண்டோஸை நேரடியாக நிறுவும் பூட்கேம்ப் வசதி இல்லை.

அடுத்து, பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்புக்குப் போட்ட கடவுச்சொல் நீக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். பழைய வன்வட்டு இருந்தால் புதிய எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். உள்ளே கடிகாரத்தை ஓட்டும் நாணய வடிவ பேட்டரியை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கடிகாரம் பழைய காலத்துக்குப் போய்விடும். இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் அந்தந்த மாதிரிக்கென்று செய்தது. கெட்டால் பொதுச் சரக்கு பொருந்தாது. இதுதான் இவற்றின் பலவீனம். விசிறியில் தூசு சேரும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்க வேண்டும். முகப்பில் பட்டறை போட்டிருப்பவர்கள் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி மெமரி, புதிய 256 ஜிபி எஸ்எஸ்டி. பதினாறாயிரத்துச் சொச்சம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் 22 வரிசையைப் போட்டேன், உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. வாங்குவதற்கு முன் பழைய லேப்டாப்பிலேயே பென் டிரைவிலிருந்து மின்ட்டை ஓட்டி இரண்டு வாரம் பழகினேன். எதையும் நிறுவாமல், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமல் இப்படிப் பார்க்க முடியும். மேக்கை இப்படி வீட்டில் வைத்து ருசி பார்க்க முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்க அமைப்புக்கு ஸ்க்ரைபஸ். இதில் பதிப்பு முக்கியம். பழைய 1.4 வரிசையில் தமிழ்க் கொம்புகள் இடம் மாறி நின்று மானத்தை வாங்கும். 2024 ஜனவரியில் வந்த 1.6-ல் தமிழ் சரியாக அமைகிறது. 96 பக்க மணிவிழா மலர் ஒன்றை அதில் முடித்து அச்சகத்துக்குப் பிடிஎஃப் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். அடோபியின் பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைன் கோப்பாகவே வேண்டும் என்று அடம்பிடிக்கும் அச்சகம் உங்களுடையது என்றால் அது ஓடாத லினக்ஸ் வேண்டாம், மேக் மினிக்கே போங்கள். அந்த ஒரு நிபந்தனை என் கணக்கு முழுவதையும் தலைகீழாக்கிவிடும்.

கணினியில் மிச்சம் பிடித்ததைத் திரையில் போட்டேன். 27 அங்குல 4கே மானிட்டர், கணினியைவிட விலை அதிகம். வீட்டில் கேலி செய்தார்கள், வண்டியைவிடக் கொட்டகை பெரிது என்று. எட்டாம் தலைமுறைப் பெட்டிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ வழியாக 4கே படம் வினாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும், மவுஸ் தள்ளாடும். டிஸ்ப்ளேபோர்ட் கம்பி போட்டால் 60. இருநூறு சதவீத அளவில் எழுத்து பெரிதாகவும் கூர்மையாகவும் இருக்கிறது. நாளைக்கு லினக்ஸ் அலுத்து மேக் மினிக்குப் போனாலும் இந்தத் திரை அப்படியே கூட வரும். ஆகவே நான் பணயம் வைத்திருப்பது அந்தப் பதினாறாயிரம் மட்டும்தான். அதுவும் முழுக்கப் போகாது, அம்மான் ஆலைக்கு விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஈதர்நெட் கம்பி இழுக்க 35 மீட்டர் ஆனது. சுவரில் துளை போட அப்பச்சி சம்மதிக்கவில்லை. வளவு ஓரமாக உத்திரத்தை ஒட்டிக் கொண்டுபோய்க் கதவு நிலைக்கு மேலிருந்த பழைய மின்கம்பித் துவாரத்தில் நுழைத்தோம். பழைய லேப்டாப்பை விற்கவில்லை. இணையத்தைத் துண்டித்து, பேஜ்மேக்கருக்காக மட்டும் வைத்திருக்கிறேன். ஐயாவின் பேரேடுகள் இருக்கும் பெட்டியிலேயே ஒரு ஓரத்தில் இருக்கிறது.